ஒரு விவாகரத்துத் தீர்ப்பைத் தேடி: கலிபோர்னியா கவுண்டி நீதிமன்றத்திலிருந்து மதுரை வரை

2023 மார்ச்சில் மதுரையிலிருந்து அக்கா கூப்பிட்டார். உறவுமுறையில் அக்கா இல்லை. கலிபோர்னியாவில் எங்கள் அடுக்ககத்தில் மேல்தளத்தில் குடியிருந்தவர். 2013-இல் விவாகரத்து ஆனபின் ஊருக்குத் திரும்பிவிட்டார். இப்போது மறுமணம். மாப்பிள்ளை கிறிஸ்தவர் என்பதால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்துகொள்வதாக ஏற்பாடு. சார்பதிவாளர் அலுவலகத்தில் முதலில் கேட்டதே, "முதல் திருமணம் முடிந்துபோனதற்கு ஆதாரம் எங்கே?" என்பதுதான்.

அக்காவிடம் இருந்தது பழைய கைப்பேசியில் எடுத்த ஒரே ஒரு புகைப்படம். எஃப்எல்-180 என்ற படிவத்தின் இரண்டாம் பக்கம். கலிபோர்னியாவில் விவாகரத்துத் தீர்ப்பு இந்தப் படிவத்தில்தான் வரும். நீதிபதியின் கையெழுத்து தெளிவாக இருந்தது. ஆனால், வழக்கு எண்ணும் தரப்பினர் பெயரும் அச்சாகியிருக்கும் மேற்கட்டம் படத்தில் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. எது வேண்டுமோ அது மட்டும் இல்லை.

"கலிபோர்னியா அரசாங்கத்திடம் கேட்டால் ஒரு சான்றிதழ் கொடுத்துவிட மாட்டார்களா தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிறப்புக்கும் இறப்புக்கும் அப்படித்தான் வாங்குகிறோம். ஆனால் கலிபோர்னியாவின் பொதுச் சுகாதாரத் துறை விவாகரத்துக்குத் தருவது, பதிவு இருக்கிறது என்று சொல்லும் ஒரு சான்று மட்டுமே. அதுவும் 1962 முதல் 1984 ஜூன் வரையிலான விவாகரத்துகளுக்கு மட்டும். அதற்குப் பிந்தையவை எல்லாம், வழக்கு நடந்த கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) உயர்நிலை நீதிமன்றத்தில்தான் இருக்கின்றன. குடும்ப நீதிமன்றம் என்று நாம் சொல்வது அந்த நீதிமன்றத்தின் ஒரு பிரிவு. மாநிலத்தில் 58 கவுண்டிகள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேடக்கூடிய பெயர்ப் பட்டியல் கிடையாது. அப்படித் தேடித் தருவதாகப் பணம் கேட்கும் தனியார் தளங்கள் நிறைய உண்டு. அவர்கள் தருவது எந்த அலுவலகத்திலும் செல்லாது.

ஆக, முதல் வேலை கவுண்டியைக் கண்டுபிடிப்பது. அக்கா சற்றும் தயங்காமல் ஒரு கவுண்டியின் பெயரைச் சொன்னார்: இருவரும் சேர்ந்து வாழ்ந்த கவுண்டி. அதை வடக்குக் கவுண்டி என்று வைத்துக்கொள்வோம். வழக்கு எண் இல்லாமல் அஞ்சலில் எழுதினால் எழுத்தர் பெயரை வைத்துத் தேட வேண்டும். 10 நிமிடத்துக்கு மேல் பிடிக்கும் தேடலுக்கு 15 டாலர் கட்டணம். கட்டினேன். மூன்று வாரம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: பதிவு எதுவும் காணப்படவில்லை.

அந்த வரியைப் படித்ததும் அக்கா பயந்துபோனார். "அப்படியென்றால் எனக்கு விவாகரத்தே ஆகவில்லையா?" இந்தப் பதிலை வாங்கியவர்கள் பலரும் இப்படித்தான் கலங்குகிறார்கள். அந்தக் கவுண்டியில், அந்தப் பெயரில், அந்த எழுத்துக்கூட்டில் இல்லை என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது.

கலிபோர்னியாவில் விவாகரத்து மனு போட, கணவன் மனைவி இருவரில் ஒருவராவது மாநிலத்தில் 6 மாதமும், மனுப் போடும் கவுண்டியில் 3 மாதமும் குடியிருந்திருக்க வேண்டும். திருமணம் எங்கே நடந்தது, சேர்ந்து வாழ்ந்தது எங்கே என்பதெல்லாம் பொருட்டல்ல. எனவே கேட்க வேண்டிய கேள்வியை மாற்றிக் கேட்டேன்: "அக்கா, வழக்குப் போட்டது யார்? போட்டபோது அவர் எங்கே இருந்தார்?" சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அவர்தான் போட்டார். அதற்கு நாலைந்து மாதம் முன்பே வேலை மாறித் தெற்கே போய்விட்டார்" என்றார். தெற்குக் கவுண்டி கிடைத்துவிட்டது.

அடுத்தது பெயர். அமெரிக்க நீதிமன்றப் பதிவேட்டைத் தேடும் தமிழர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. தெற்குக் கவுண்டியின் இணையதளத்தில் பெயரை வைத்துத் தேடும் வசதி இருந்தது. குடும்பப் பெயர் ஒரு கட்டம், சொந்தப் பெயர் ஒரு கட்டம். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? அக்காவின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கணவரின் சொந்தப் பெயர் இருந்தது. கணவரின் கடவுச்சீட்டில் அதே இடத்தில் அவருடைய அப்பா பெயர். கணவன் மனைவிக்கே ஆளுக்கொரு குடும்பப் பெயர். போதாததற்கு அக்காவின் பெயரில் ஒரு 'ழ' வேறு. கடவுச்சீட்டில் அது இசட்-எச். மனுவைத் தட்டச்சு செய்த வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அது வெறும் எல். கடவுச்சீட்டில் குடும்பப் பெயரே காலியாக இருப்பவர்களுக்கு விசாவில் 'எஃப்என்யூ' என்று, அதாவது முதற்பெயர் தெரியாது என்று, போட்டிருப்பார்கள். அந்த மூன்றெழுத்திலேயே நீதிமன்றத்தில் பதிவானவர்களும் இருக்கக்கூடும்.

அக்காவின் பெயரை ஆறு விதமாக எழுத்துக்கூட்டித் தேடினேன். ஒன்றும் வரவில்லை. பிறகு முன்னாள் கணவரின் அப்பா பெயரை, முதல் நான்கு எழுத்து மட்டும் போட்டு, 2012-ஆம் ஆண்டு, குடும்ப வழக்கு என்று சுருக்கியதும் பதினோரு வழக்குகள் வந்தன. ஏழாவது எங்களுடையது. அக்காவின் பெயர் எல் எழுத்தோடு, இனிஷியல் நடுவில் போய், எதிர்மனுதாரர் என்ற இடத்தில் இருந்தது. எங்களுக்கு வேண்டியது வழக்கு எண் மட்டும். சான்டா கிளாரா கவுண்டியாக இருந்தால் எண்ணின் நடுவே எஃப்எல் என்ற எழுத்துகளைப் பார்த்ததும் குடும்ப வழக்கு என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு பாணி.

எண் கிடைத்ததும் ஆவணங்களையும் அங்கேயே திறந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியாது. கலிபோர்னியா நீதிமன்ற விதி 2.503-இன்படி குடும்ப வழக்கின் ஆவணங்கள் பொதுமக்களுக்கு இணையம் வழியே கிடையாது. என்னென்ன தாக்கலாயின, எந்தத் தேதியில் என்ற பட்டியல் வரை பார்க்கலாம். தாளைப் படிக்க நீதிமன்றத்துக்கே போக வேண்டும். போனேன்.

ஆவணப் பிரிவில் நான்கு கணினிகள். எண்ணைத் தட்டியதும் கோப்பு முழுவதும் திறந்தது. நான் யார், ஏன் பார்க்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை. அங்கே விவாகரத்து வழக்கும் பொது ஆவணம். குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று ஆராய்ந்த அறிக்கை, தத்தெடுப்பு, சிறார் வழக்கு போன்றவற்றுக்குத்தான் பூட்டு. மீதி எல்லாம் திறந்தே கிடக்கின்றன. பணக்கணக்கைத் தரப்பினர் கேட்டால் மூடி வைக்க வேண்டும் என்று 2004-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பர்க்கில் என்ற கோடீஸ்வரரின் விவாகரத்து வழக்கில் 2006-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பொதுமக்களின் பார்வை உரிமைக்கு விரோதம் என்று அதை ரத்து செய்துவிட்டது. சமூகப் பாதுகாப்பு எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றில் கடைசி நான்கு இலக்கத்துக்கு மேல் எழுதக்கூடாது என்ற விதி மட்டும் தரப்பினருக்கு உண்டு. நம் ஊரிலோ இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, விசாரணையே மூடிய அறையில் நடக்க வேண்டும் என்கிறது. இரண்டில் எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் தெரிந்த ஒருவரின் சம்பளமும் மளிகைச் செலவும் கடனும் திரையில் வந்து நின்றபோது, பக்கத்துக் கணினியில் இருந்தவர் பார்த்துவிடுவாரோ என்று உடம்பைச் சாய்த்து மறைத்துக்கொண்டேன். அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "தீர்ப்பை மட்டும் பாருங்கள் தம்பி. மற்றதைத் திருப்ப வேண்டாம்" என்றார். திருப்பவில்லை.

தீர்ப்பு 23 பக்கம். படிவம் இரண்டே பக்கம். மீதி 21 பக்கமும் இருவரும் கையெழுத்திட்ட உடன்படிக்கையும் இணைப்புகளும். கவுண்டரில் இருந்த அம்மையார், "படிவம் மட்டுமா, முழுவதுமா?" என்று கேட்டார். படிவம் மட்டும் போதும் என்று இரண்டு பக்கத்தோடு வீடு திரும்புபவர்கள் பிறகு வருந்துவார்கள். முழுவதும் கேட்டேன். நகலுக்குப் பக்கத்துக்கு 50 சென்ட், ஆக 11.50 டாலர். விவாகரத்துத் தீர்ப்பைச் சான்றிட 15 டாலர். அதே எழுத்தர், அதே முத்திரையை அதே கோப்பின் வேறு தாளில் குத்தினால் 40 டாலர். இந்த வேறுபாடு தெரிந்து, "விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகல்" என்று அதன் பெயரைச் சொல்லியே கேட்பது நல்லது. வருமானம் குறைந்தவர்கள் எஃப்டபிள்யூ-001 என்ற படிவத்தில் கட்டண விலக்குக் கேட்கலாம்.

இன்னொரு படிவமும் கோப்பில் இருந்தது: எஃப்எல்-190. தீர்ப்புப் பதிவாகிவிட்டது என்று இருவருக்கும் அனுப்பும் அறிவிப்பு அது. ஒரே பக்கம், பார்க்கவும் சான்றிதழ் மாதிரியே இருக்கும். விவாகரத்துச் சான்றிதழ் என்று பலர் பல ஆண்டு பெட்டியில் வைத்துக் காப்பது இதைத்தான். இது தீர்ப்பு அல்ல.

எஃப்எல்-180-இன் முதல் பக்கத்தில் இரண்டு தேதிகள். தாக்கல் முத்திரையில் 2013 பிப்ரவரி. திருமண நிலை முடிவுறும் தேதி என்ற கட்டத்தில் 2013 மே. கலிபோர்னியாவில் மனு எதிர்த் தரப்பின் கைக்குப் போய்ச் சேர்ந்து ஆறு மாதம் கடக்காமல் திருமணம் முடிவுக்கு வராது; தீர்ப்பை முன்னதாக எழுதி, முடிவுறும் தேதியைத் தள்ளி வைக்கலாம். சார்பதிவாளரின் படிவத்தில் நிரப்ப வேண்டியது மே மாதத் தேதி. அக்கா பத்தாண்டுகளாகப் பிப்ரவரி என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

கவுண்டரில் சொல்ல வேண்டிய இன்னொன்று: இது வெளிநாட்டுக்கு. சான்றில் கையெழுத்துப் போடுபவரின் மாதிரிக் கையெழுத்து மாநிலச் செயலரின் அலுவலகத்தில் இருந்தால்தான் அவர்கள் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் காட்டுவதற்காக அந்தக் கையெழுத்தை உறுதி செய்யும் சான்று, ஒட்டுவார்கள். லாஸ் ஏஞ்சலஸ் அலுவலகத்தில் நேரில் போய்க் கொடுத்தேன். அப்போஸ்டிலுக்கு 20 டாலர், நேரில் வந்ததற்கு 6. பின்னால் ஒரு தாள், அதில் மாநில முத்திரை, எல்லாம் சேர்த்து ஒரே ஸ்டேப்ளர் பின். கூரியரில் மதுரைக்கு அனுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டேன்.

முடியவில்லை. மதுரையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுக்கக் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரப் பையன் வேலையில் சுத்தக்காரன்: பின்னைக் கழற்றி, 24 தாளையும் தனித்தனியாக வைத்து அழகாகப் பிரதி எடுத்து, புதிய பின் குத்திக் கொடுத்திருக்கிறான். மூலையில் பழைய பின்னின் இரண்டு துளை, பக்கத்திலேயே புதிய பின். அந்தத் துளைகளைப் பார்க்கும் எந்த அதிகாரியும், நடுவில் ஒரு தாள் மாற்றப்பட்டிருக்கலாமே என்று கேட்க முடியும். வக்கீல் பார்த்ததும் கேட்டார்.

அதைவிடப் பெரிய கேள்வியும் அவரிடம் இருந்தது. தொலைபேசியில் என்னிடமே பேசினார். "தம்பி, தீர்ப்பு இருக்கிறது, சரி. அந்த அம்மா அந்த வழக்கில் கலந்துகொண்டார், சம்மதித்தார் என்பதற்கு நீதிமன்றத் தாள் என்ன வைத்திருக்கிறீர்கள்?" உடன்படிக்கை இருக்கிறதே சார் என்றேன். "அது ஒன்று. இன்னும் வேண்டும்" என்று சொல்லி, 1991-ஆம் ஆண்டின் ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படிக்கச் சொன்னார். தீர்ப்புத் தொகுப்பில் அதன் இடம்: (1991) 3 எஸ்.சி.சி. 451.

படித்தேன். அந்தக் கதையும் ஒரு கவுண்டி நீதிமன்றத்தில்தான் தொடங்குகிறது. 1975-இல் திருப்பதியில் திருமணம். பிரிந்தபின் கணவர் அமெரிக்காவில் மிசௌரி மாநிலம், செயின்ட் லூயிஸ் கவுண்டியின் சர்க்யூட் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, 90 நாள் குடியிருப்பைக் காட்டி, மனைவி நேரில் வராமலேயே 1980-இல் விவாகரத்து வாங்கினார். அடுத்த ஆண்டு மறுமணம். மனைவி இருதார மணக் குற்றம் என்று வழக்குத் தொடுத்தார். மிசௌரித் தீர்ப்பின் நகலை ஏற்று மாஜிஸ்திரேட் கணவரை விடுவித்தார். உயர் நீதிமன்றம் அந்த நகல் சாட்சியமாகாது என்று திருப்பிப் போட்டது. 1991 ஜூலை 9 அன்று உச்ச நீதிமன்றமும் மனைவியின் பக்கமே நின்றது.

நகலைப் பற்றி அந்தத் தீர்ப்பு சொல்வதைக் கவனித்துப் படிக்க வேண்டும். ஜெராக்ஸ் என்பதற்காகவே அதைத் தள்ளவில்லை. சர்க்யூட் நீதிமன்ற எழுத்தரின் சான்று அதில் இருந்தது. சாட்சியச் சட்டத்தின் 86-ஆம் பிரிவு கேட்கும்படி, அமெரிக்காவில் இருக்கும் இந்திய அரசின் பிரதிநிதி அதற்குமேல் சான்றளிக்கவில்லை. அதனால்தான் செல்லாது என்றது. அப்போது இந்தியா அப்போஸ்டில் உடன்படிக்கையில் இல்லை. 2005 ஜூலை 14 முதல் இருக்கிறது. அப்போஸ்டில் போதும் என்பதே எங்கள் வக்கீலின் முடிவும். 1872-ஆம் ஆண்டின் அந்தச் சாட்சியச் சட்டமே இப்போது போய், 2024 ஜூலை முதல் புதிய சட்டம் வந்துவிட்டது.

வக்கீல் குறி வைத்தது அடுத்த பகுதியை. எந்தச் சட்டத்தின்கீழ்த் திருமணம் நடந்ததோ, அந்தச் சட்டம் ஏற்கும் நீதிமன்றமும் காரணமும் இருந்தால்தான் வெளிநாட்டு விவாகரத்து இந்தியாவில் செல்லும். கலிபோர்னியாவில் ஏறக்குறைய எல்லா விவாகரத்தும் 'தீர்க்க முடியாத வேறுபாடு' என்ற காரணத்தில்தான் நடக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் அப்படி ஒரு காரணமே இல்லை. ஆனால் உச்ச நீதிமன்றம் விதிவிலக்குகளையும் வைத்திருக்கிறது. அவற்றில் ஒன்று, எதிர்த் தரப்பு தானே சம்மதித்திருந்தால் செல்லும் என்பது. ஆக அக்காவின் விவாகரத்து மதுரையில் நிற்பதும் விழுவதும் தீர்ப்பின் முதல் பக்கத்தில் இல்லை. அவர் அந்த வழக்கில் என்ன செய்தார் என்று காட்டும், யாரும் கேட்டு வாங்காத பழைய தாள்களில் இருந்தது.

இரண்டு தாள்கள் வேண்டியிருந்தன. அக்கா போட்ட பதிலுரை, எஃப்எல்-120, மூன்று பக்கம். சம்மனும் மனுவும் அவர் கையில் நேரில் கொடுக்கப்பட்டதற்கான சான்று, எஃப்எல்-115, இரண்டு பக்கம். முதல் முறை கணினியில் பட்டியலைப் பார்த்தபோது இரண்டும் என் கண்ணெதிரே இருந்தன. வேண்டுமென்று தெரியாததால் விட்டுவிட்டேன். வாங்கப்போகும் அலுவலகத்திடம், இங்கே வழக்கறிஞரிடம், முதலில் பட்டியல் கேட்டிருந்தால் ஒரே நடையில் முடிந்திருக்கும்.

இம்முறை வழக்கு எண் கையில் இருந்ததால் அஞ்சலிலேயே எழுதினேன். கடிதத்தில் எண், தரப்பினர் பெயர் கோப்பில் உள்ளபடியே எல் எழுத்தோடு, ஒவ்வொரு தாளின் பெயரும் தாக்கலான தேதியும், பின் கழன்ற தீர்ப்பையும் சேர்த்து மூன்றுக்கும் சான்று வேண்டும் என்ற குறிப்பு. சுயவிலாசமிட்டு அஞ்சல்தலை ஒட்டிய உறை. காசோலையில்தான் ஒரு நுணுக்கம்: பக்கங்களை அவர்கள் எண்ணி முடிக்கும்வரை சரியான தொகை நமக்குத் தெரியாது. தொகையைக் காலியாக விட்டு, குறிப்பு வரியில் '150 டாலருக்கு மிகாமல்' என்று எழுதி அனுப்பினால் பல நீதிமன்றங்கள் தாங்களே நிரப்பிக்கொள்கின்றன. ஒரு டாலர் குறைந்ததற்காகக் கடிதம் திரும்பி வருவதை இது தடுக்கும். 109 டாலர் என்று நிரப்பியிருந்தார்கள். தீர்ப்புக்கு 26.50, பதிலுரைக்கு 41.50, மற்றதற்கு 41. மூன்று அப்போஸ்டில், நேரில் போன கட்டணத்தோடு, 66. வடக்குக் கவுண்டியின் வீண் தேடலிலிருந்து கூட்டினால் மொத்தம் 242.50 டாலர், அஞ்சலும் பெட்ரோலும் தனி. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், முதலில் கேட்காததற்கும் ஒரு பின்னுக்கும் போனது.

அனுப்பும்போது ஒவ்வொரு கட்டின் மேலும் மஞ்சள் ஒட்டுத்தாளில் 'பின்னைக் கழற்றக் கூடாது' என்று தமிழில் எழுதி ஒட்டினேன். ஸ்கேன் செய்த பிரதியை மின்னஞ்சலில் தனியாக அனுப்பினேன், பிரதி எடுக்க யாரும் மூலத்தைத் தொட வேண்டியதில்லை என்று.

ஆகஸ்டில் அக்கா சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி மூன்று கட்டையும் புரட்டிப் பார்த்தார். அப்போஸ்டில் தாளை விளக்குக்கு நேரே பிடித்து முத்திரையைப் பார்த்தார். மே மாதத் தேதியைப் படிவத்தோடு ஒப்பிட்டார். பிறகு பக்கத்து மேசை எழுத்தரிடம், ஸ்கேன் செய்யுங்கள் என்று நீட்டினார். எழுத்தர் மேசை இழுப்பறையைத் திறந்து பின் கழற்றும் இடுக்கியை எடுத்தாராம். "ஐயா, அதற்கு இது" என்று அக்கா பையிலிருந்து பிரதிக் கட்டை எடுத்து நீட்டியிருக்கிறார். அன்று மாலையே 30 நாள் அறிவிப்பு பலகையில் ஒட்டப்பட்டது. அதில் அவர் பெயர் ழகரத்தோடு இருந்தது.